உள்ளங்காலைக் காட்டச் சொன்ன மாமி

ஊரெல்லாம் வெயிலுக்குப் பயந்து படலையைச் சாத்துகிற நேரத்தில்தான் மாமி கடையைத் திறப்பார். வவுணதீவுப் பக்கத்தில், வயல்வட்டைக்குப் போகிற கிரவல் ரோட்டோரம் அவருடைய தேத்தண்ணிக்கடை இருந்தது. அந்த ஊரில் வெயிலுக்குப் பயப்பட வேண்டிய ஒரே ஆள் யார் என்று கேட்டால், அதுவும் அவர்தான். மாமி தோலில் நிறமே இல்லாமல் பிறந்தவர். தலைமுடி, புருவம், இமைமுடி எல்லாம் வெள்ளை. வெயில் பட்டால் அவருடைய தோல் எங்களுடையதைப் போலக் கறுக்காது. சிவந்து, பொரிந்து, புண்ணாகிவிடும்.

“விடியக் காலையில திறந்து, வெயிலேற முதல் பூட்டினா என்ன மாமி?” என்று ஒருமுறை கேட்டேன்.

“வயலுக்க நிக்கிற சனம் களைச்சு விழுறது மத்தியானத்திலதான் புள்ள. எனக்குத் தோதான நேரத்தில திறந்தா நானே ஊத்தி நானேதான் குடிக்கோணும்.”

அவருடைய பேச்சு அப்படித்தான். வெட்டொன்று துண்டு இரண்டு. ஆண்கள் போடுகிற முழுக்கைச் சட்டையைக் கழுத்துவரை பூட்டி, கணுக்கால் மறையப் பாவாடை உடுத்து, தலையில் பெரிய தொப்பி வைத்து, அதற்கு மேலே கறுப்புக் குடையும் பிடித்துக்கொண்டு பட்டப்பகலில் நடுரோட்டில் வருவார். “ஆருக்கு மாமி இப்பிடி ஒளிச்சுத் திரியிறீங்க?” என்று ஒரு இளந்தாரி கேட்டுவிட்டான். மாமி நின்றார். “வெயிலுக்கு மறைக்கிறன் மனே. உன்னைப்போல ஆக்களுக்கு ஒளிக்கிறதெண்டா வீட்டுக்குள்ளயே இரிந்திரிப்பன்” என்றார். அவன் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் தேத்தண்ணி குடிக்க வரவில்லை.

ஊர் அவருக்கு ஒரு பட்டம் வைத்திருந்தது. நிறத்தை வைத்து வைத்த பட்டம். அதை இங்கே எழுதி, அவர் செத்த பிறகும் ஊரை ஒருதரம் சிரிக்க வைக்க எனக்கு விருப்பமில்லை. சொந்தப் பெயரை, கிளினிக்கில் தாதி கூப்பிடும்போது மட்டும்தான் கேட்டிருக்கிறேன். அப்பாவுக்கு அவர் சித்தப்பாவின் மகள், தங்கச்சி முறை. எனக்கு மாமி. அது போதும்.

நிறமில்லாமல் பிறந்தவர்களுக்குப் பார்வையும் மங்கல் என்பார்கள். மாமிக்குக் கண்மணிகள் ஓரிடத்தில் நிற்காமல் அலைந்துகொண்டே இருக்கும். எதைப் பார்ப்பதென்றாலும் மூக்கு முட்டுகிற அளவுக்கு முகத்தைக் கொண்டுபோவார். ஆனால் கிரவல் ரோட்டில் யார் வந்தாலும், அடுப்புக்கு முன்னால் குனிந்தபடியே நடையைக் கேட்டு ஆளைச் சொல்லிவிடுவார். சாராயம் குடித்துவிட்டு ஒன்றும் தெரியாதவர்போல வருகிறவர்கள் மாமியின் கடையைக் கண்டால் வரம்பில் இறங்கிச் சுற்றிப் போவார்கள்.

அவருக்கு ஒரு கலியாணமும் பேசி வந்தது. களுவாஞ்சிக்குடிப் பக்கத்து மாப்பிள்ளை. பொழுதுபட வந்து பெண் பார்க்கிறோம் என்று சொல்லியனுப்பினார்கள். விளக்கு வெளிச்சத்தில் நிறம் அவ்வளவு உறைக்காது, அக்கம்பக்கமும் வேடிக்கை பார்க்காது என்று பெரியவர்கள் கூடிப் போட்ட திட்டம். மாமி ஒரேயடியாக மறுத்துவிட்டார். “உச்சிப் பொழுதுக்கு வரச் சொல்லுங்க. கட்டினா மறுகா பகலிலயும் என்னோடதானே இரிக்கோணும்?” அவர்களும் வந்தார்கள். மாமி குடையைப் பிடித்தபடி முற்றத்தில் நின்று, “வாங்க, நான்தான் பொம்புள” என்றாராம். கொடுத்த தேத்தண்ணியைக் குடிக்காமலே எழும்பிப் போய்விட்டார்கள். இதைச் சொல்லி மாமி வயிறு நோகச் சிரிப்பார். எனக்கு இன்றைக்கும் அந்த மாப்பிள்ளை கையில் கிடைத்தால் நாலு வார்த்தை கேட்க வேண்டும் போலத்தான் இருக்கிறது.

நான் படித்து ஒரு கந்தோரில் வேலைக்குப் போன பிறகு, லீவு போட்டுவிட்டு மாமியைப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவேன். சுவரில் எழுதியிருப்பதை அவரால் வாசிக்க முடியாது. ஆனால் அதைச் சொல்லி உதவி கேட்கவும் மாட்டார். “துணைக்கு வாகா” என்பதோடு சரி.

தோலில் வருகிற புற்று ஒரே சாதி இல்லை என்று எனக்குத் தெரியவந்தது அங்கேதான். முதலில் மாமிக்கு மூக்கோரத்தில் மினுமினுப்பான ஒரு சின்னக் குமிழ் வந்தது. பருவென்று விட்டால் ஆறுவதுபோல ஆறி, மறுபடி கசியும். அடித்தளக் கலப் புற்று என்று டாக்டர் பெயர் சொன்னார். அது வேறிடத்துக்குப் போவது மிகவும் அரிது. ஆனால் இருந்த இடத்தைத் தின்றுகொண்டே இருக்கும். கவனிக்காமல் விட்டால் மூக்கையே அரித்துவிடும். அடுத்தது காதுமடலில் வந்தது. பொருக்குக் கட்டிய புண், பொருக்கைத் தட்டினால் இரத்தம். அது செதிட்கலப் புற்று. காதிலோ உதட்டிலோ வந்தால், கழுத்து நெறிக்குள் இறங்கப் பார்க்கும். நெறி என்று நாங்கள் சொல்வது, காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் கட்டுமே, அந்தக் கட்டியைத்தான். மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் பொல்லாதது. கருநிறப் புற்று, மெலனோமா. ஒரு மச்சம் மாதிரி, சிந்திய மை மாதிரி இருக்கும். ஆழமாக இறங்கிவிட்டால் நெறிக்குப் போய், ஈரலுக்கும் நுரையீரலுக்கும் போய்விடும்.

இந்தப் பெயர்கள் மாமியின் வாயில் நுழையவில்லை. அவர் வேறு பெயர் வைத்தார். முதலாவது குந்தியிருப்பான். இரண்டாவது பொருக்கன். மூன்றாவது ஊர்சுத்தி.

“குந்தியிருப்பான் வந்தான், வெட்டி அனுப்பிற்றம். பொருக்கனையும் அனுப்பிற்றம். ஊர்சுத்திய மட்டும் படலையில நிக்கக்குள்ளயே பிடிக்கோணும் புள்ள. உள்ளுக்கு வந்திற்றானெண்டா முடிஞ்சி.”

அந்த டாக்டர் இளம் பெண். மாமியின் பெயர்களைக் கேட்டுச் சிரித்தவர், பிறகு அவரும் அதையே சொல்லத் தொடங்கிவிட்டார். ஒருநாள் மாமி அவரிடம், “எனக்கு நிறமில்லாததால வந்த. நிறமிரிக்கிற ஆக்களுக்கு இது வராதா?” என்று கேட்டார்.

“குறைவு அம்மா. ஆனா வராமலில்ல. கறுத்த தோலில ஊர்சுத்தி வந்தா, வெயில் படாத இடத்திலதான் கூட வாறது. உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்குக் கீழ. ஆரும் பாக்காத இடம். அதாலதான் பிந்திப் பிடிபடுறது.”

திரும்பி வரும்போது பஸ் வாவியைத் தாண்டியது. மாமி என் பக்கம் கிறுகி, “ஊரெல்லாம் என்னைப் பாத்துத்தான் பாவம் பாவமெண்டுது. அவங்கட உள்ளங்கால அவங்க எப்ப கடைசியாப் பாத்த?” என்றார்.

அன்றிலிருந்து மாமி பெரும் உபத்திரவமாகிவிட்டார். உண்மையைச் சொன்னால் என்ன? கடையோரம் ஒரு பைப் இருந்தது. வயலால் வருகிறவர்கள் அதில் சேறு கழுவிவிட்டுத்தான் வாங்கில் உட்காருவார்கள். மாமி தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு, “அடிக்காலையும் கழுவிக் காட்டுங்க” என்று நிற்பார். காலைத் தூக்கிப் பிடித்து, மோந்து பார்ப்பதுபோல முகத்தைக் கொண்டுபோய்ப் பார்ப்பார். “தேத்தண்ணிக் கடையா, சாத்திரம் பாக்கிற இடமா?” என்று சிலர் கத்திவிட்டுப் போனார்கள். சிலர் கூச்சப்பட்டு வராமல் விட்டார்கள். மாமிக்கு வியாபாரம் குறைந்ததே தவிர வாய் குறையவில்லை. “மூடி வைச்சா மீனும் நாறும், புண்ணும் நாறும்” என்பார்.

இனி என் அப்பா. மற்ற நாளெல்லாம் சாதாரணக் கமக்காரர். ஆனால் காளி கோயில் தீமிதிப்பில் முதல் ஆளாய் நெருப்பில் இறங்குகிறவர் அவர்தான். அந்த ஒரு நாளில் ஊர் அவரைக் கையெடுத்துக் கும்பிடும். எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. விரதம் சுத்தமாக இருந்தால் நெருப்புச் சுடாது. கால் சுட்டால், காப்புக் கட்டியதிலிருந்து அந்த ஆள் எங்கேயோ பிழைவிட்டிருக்கிறார். அதனால் சுட்டவர்கள் யாரும் வாயைத் திறப்பதில்லை. மஞ்சளை அப்பிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நடந்துவிடுவார்கள்.

ஒரு வருஷம் அப்பா வயலுக்கு இறப்பர் பூட்ஸ் போடத் தொடங்கினார். பிறந்ததிலிருந்து வெறுங்காலோடு சேற்றில் நின்ற மனுஷன். “துரை வாறார்” என்று ஊர் பகிடி பண்ணியது. நானும் பண்ணினேன். ஒரு மத்தியானம் அவரோடு மாமியின் கடைக்குப் போனேன். மாமி அடுப்பில் குனிந்திருந்தார். திரும்பாமலே கேட்டார்.

“அண்ணன், வலது குதிகாலுக்கு என்ன?”

“பூட்ஸ் போட்டிரிக்கன். அதுதான் சத்தம் வேற.”

“பூட்ஸ் போட்டா சத்தம் மாறும். நடை ஏன் மாறின? குதிய ஊண்டாம வாறீங்க.”

“முள்ளுக் குத்தின.”

“வெள்ளாமை வெட்ட முதலே இப்பிடித்தான் நடக்கிறீங்க. எத்தின மாசத்து முள்ளு அது? கழட்டுங்க பாப்பம்.”

அப்பா தேத்தண்ணிக் கோப்பையை வாங்கில் டக்கென்று வைத்தார். “உன்ட நோய் எனக்கு வராது. நம்மட தோல் கறுப்பு” என்றார்.

வாங்கில் இருந்தவர்கள் எல்லோரும் குனிந்துகொண்டார்கள். எனக்கு அப்பாவை அந்த இடத்திலேயே ஏச வேண்டும்போல வந்தது. மாமி மட்டும் தலை குனியவில்லை. “என்ட நோயெண்டு ஒண்டும் என்ட பேரில எழுதியில்ல அண்ணன். வாறவன் நிறம் பாத்து வாறானில்ல” என்றார்.

வீட்டுக்கு வந்து நான் விடவில்லை. அழுதேன், கத்தினேன், சாப்பிடமாட்டேன் என்று அடம்பிடித்தேன். கடைசியில் அப்பா வெடித்தார். “போன வருசத்துத் தீமிதிப்புக்கு மறுகாதான் கறுப்பு விழுந்த. அம்மன்ட நெருப்பு என்னைச் சுட்டிரிக்கு. அதைக் கொண்டுபோய் ஊருக்குக் காட்டச் சொல்றியா?” கதவைச் சாத்திக்கொண்டார்.

மாமியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். ஊர்சுத்தி அப்பாவின் குதியில் குந்தியிருக்கிறான் என்று இரண்டு பேருக்கும் பயம். ஆனால் சாமியையும் மானத்தையும் சேர்த்துக் கட்டிவைத்திருக்கிற மனுஷனை எதைச் சொல்லி அவிழ்ப்பது? மாமி அடுப்பிலிருந்து ஒரு கொள்ளியை இழுத்து வெளியே வைத்தார்.

“நெருப்புச் சுட்ட காலெண்டுதானே சொல்றார்? சரி. நெருப்புச் சுட்டா என்ன நடக்குமெண்டு பாப்பம்.”

வருஷத் திருவிழாவுக்குக் கோயில் கதவு திறந்ததும் மாமி காப்புக் கட்டப் போய் நின்றார். கோயிலை நிர்வகிக்கிற வண்ணக்கர் தயங்கினார். “தங்கச்சி, உங்கட உடம்புக்கு இது ஒத்துவராது” என்றார்.

“என்ட உடம்பு அம்மன் தந்ததா, ஆரும் கடையில வாங்கினதா?”

காப்புக் கட்டப்பட்டது. மாமி விரதத்தை ஊரே மெச்சும்படி இருந்தார். ஒரு பிசகில்லை. தீமிதிப்பு நாளில் வெயில் நெருப்போடு போட்டி போட்டது. குடை பிடிக்க முடியாது. ஈர மஞ்சள் சேலையைத் தலையில் முக்காடிட்டு வரிசையில் நின்றார். எனக்கு நெருப்பைவிட அந்த வெயிலில்தான் பயம். முதலில் அப்பா இறங்கினார். குதியை ஊன்றாமல் விறுவிறுவென்று கடந்தார். பறை முழங்க, வேப்பிலையோடு மற்றவர்களும் கடந்தார்கள். மாமி நிதானமாகத்தான் நடந்தார்.

நெருப்பைத் தாண்டியவர்கள் கூட்டத்துக்குள் போய் மறைவார்கள். மாமி போகவில்லை. மணலில் சப்பென்று உட்கார்ந்து, காலை நீட்டி, இரண்டு உள்ளங்காலையும் சனத்துக்கு நேராகத் திருப்பினார். வெள்ளைத் தோலில் கொப்புளம் செக்கச் செவேலென்று எழும்பியிருந்தது. வண்ணக்கர் பதறிப்போய், “கால மடக்கு புள்ள, சனம் பாக்குது” என்றார்.

“பாக்கத்தானே காட்டுறன். சுட்டிரிக்கு. என்ட விரதத்தில ஒரு பிழையும் இல்ல, இந்த ஊரே சாட்சி. நெருப்பெண்டா சுடும். அம்மன் என்னை நெருப்புக்க விட்டுப் போட்டு ஓடல்ல, இந்தக் கரைக்குக் கொண்டுவந்து விட்டிரிக்கா. அது காணும்.”

பக்கத்தில் நின்ற ஒரு பெண் மெல்லச் சிரித்து, மாமிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தன் காலையும் நீட்டினார். அதிலும் ஒரு கொப்புளம். அப்பா அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். இவ்வளவும் வீண் என்று நினைத்தேன்.

கொஞ்ச நாள் மாமி கால் தூக்கி வைக்க முடியாமல் கிடந்தார். கடை பூட்டிக் கிடந்தது. பிறகு ஒருநாள், நல்ல உச்சி வெயிலில், குடையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா கதிரையில் இருந்தார். மாமி எதிரே ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, இரண்டு கால்களையும் தூக்கி அப்பாவின் மடிக்கு நேரே வைத்தார். அண்ணன் முறையானவருக்கு முன்னால் காலை நீட்டுகிற வழக்கம் எங்களிடம் இல்லை. அப்பா திடுக்கிட்டுப் போனார்.

“பாருங்க. தோல் உரிஞ்சி, புதுத் தோல் வந்திற்று. நெருப்புச் சுட்டது ஆறிற்று அண்ணன். உங்கடதும் அதே கோயில், அதே நெருப்பு. ஒரு வருசம் போய் மறு தீமிதிப்பும் முடிஞ்சி. ஏன் ஆறல்ல?”

அப்பா தன் காலைக் கதிரைக்குக் கீழே இழுத்துக்கொண்டார்.

“ஆறாதது நெருப்புச் சுட்டது இல்ல. அம்மன்ட தலையில பழியப் போடாதீங்க.”

அப்பா குனிந்து, காலுறையைக் கழற்றினார். குதியில் ஒரு கறுப்பு. ஒரு பக்கம் தாரைப் போல அடர்ந்து, மறுபக்கம் கபில நிறமாய் இழுபட்டு, ஓரம் கோணல்மாணலாக இருந்தது. நடுவில் வெடித்து நீர் கசிந்தது. மாமி கதிரையை விட்டு இறங்கி, தரையில் இருந்து, முகத்தை அதற்குக் கிட்டக் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார். என்னைப் பார்த்து, “நாளைக்கு லீவு போடு” என்றார்.

ஊர்சுத்தியேதான். குதியில் பெரிய துண்டாக வெட்டி எடுத்து, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். தொடையிடுக்கு நெறியையும் எடுத்து ஆய்வுக்கு அனுப்பினார்கள். அந்த முடிவு வரும்வரை நான் ஒழுங்காகச் சாப்பிட்டதாக நினைவில்லை. ஊருக்கு அப்பா சொல்லச் சொன்ன கதை, உழவு மெஷின் தகடு குதியை வெட்டிவிட்டது என்பது. எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் உயிர் ஊசலாடுகிற மனுஷனோடு என்ன வாதாடுவது?

முடிவு சொல்லுகிற நாளில் மாமிக்கும் கிளினிக் இருந்தது. காதுக்குக் கீழே ஒரு கட்டி வந்து, அதைத் தடவிக் கண்டுபிடித்து, மாமியே போய்க் காட்டி ஊசி குத்திச் சோதிக்கக் கொடுத்திருந்தார். அப்பாவைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். நெறி சுத்தம். “தொடர்ந்து வந்து காட்டோணும், ஆனா வெளிக்கிட முதல் பிடிச்சிட்டம்” என்றார் டாக்டர். நான் அங்கேயே அழுதுவிட்டேன். பிறகு மாமி உள்ளே போனார். பொருக்கன் கழுத்து நெறிக்குள் இறங்கியிருந்தான். வெட்டலாம், கதிர் பாய்ச்சிக் கரண்ட் பிடிக்கலாம், ஆனால் முழுக்கச் சுகமாகும் என்று சொல்ல முடியாது.

வெளியே நடைபாதையில் அப்பா ஊன்றுகோலோடு நின்று குழந்தை மாதிரி அழுதார். “எனக்காக வெயிலுக்க நிண்டாய். எனக்காக நெருப்புக்க இறங்கினாய். என்னைக் காப்பாத்தப் போய்...”

மாமிக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

“நிப்பாட்டுங்க அண்ணன். அந்த ஒரு நாள் வெயிலால இது வரல்ல, பிறந்த நாளிலயிருந்து வாங்கின வெயில். காதில வந்த அண்டைக்கே வெட்டின, ஒரு கிளினிக்கும் விடல்ல. எல்லாம் செய்தும் வந்திரிக்கு. இது என்ட கழுத்து, என்ட நோவு. நான் உங்களுக்காகச் சாகல்ல. இதுக்குப் பங்கு கேட்டு வராதீங்க.”

பிறகு என் கையைப் பிடித்து, “மருந்தெடுக்கிற இடம் எது, வாசி” என்றார். அவர் என்னை வாசிக்கச் சொன்னது அன்றுதான்.

எல்லா வைத்தியமும் செய்தார். கழுத்தில் கட்டோடு கடை திறந்தார். குரல் அடைத்த பிறகும் பைப்படியில் காலைக் காட்டச் சொல்லிக் கையால் சைகை காட்டினார். அடுத்த மழை தொடங்கும் முன் போய்விட்டார். எனக்கு அவர்மீது இன்னும் கோபம். அவ்வளவு சீக்கிரம் போயிருக்கத் தேவையில்லை.

முப்பத்தோராம் நாள் படையல் மாமியின் வீட்டில். ஊரெல்லாம் பாயில் இருந்து சாப்பிட்டது. வண்ணக்கரும் இருந்தார், தீமிதிக்கிறவர்களும் இருந்தார்கள். ஒரு பெண், நல்ல மனதோடுதான், கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “அண்ணனுக்கு மெஷின் வெட்டின கால் ஆறிற்று. இவ போயிற்றா. விரதத்தில ஏதோ பிழை. அதுதானே அண்டைக்கு நெருப்பும் சுட்ட. அம்மன் காட்டிப்போட்டுத்தான் எடுத்திரிக்கா.”

பலர் தலையாட்டினார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா சோற்றுக் கையை உதறிக்கொண்டு எழும்பிவிட்டார். ஊன்றுகோலைச் சுவரில் சாத்தினார். காலுறையைக் கழற்றினார். ஒரு கையால் தூணைப் பிடித்தபடி, தொடைத் தோல் ஒட்டிய அந்தக் குதியை எல்லோரும் பார்க்கத் தூக்கிக் காட்டினார்.

“மெஷின் வெட்டல்ல. எனக்குத் தோலில புற்று. நெருப்புச் சுட்டதெண்டு நினைச்சு ஒரு வருசமா ஒளிச்சு வைச்சன். இவதான் காட்ட வைச்சா, நான் இரிக்கன். இவ ஒரு நாளும் ஒண்டையும் ஒளிக்கல்ல. இவக்கு வந்தது வேற புற்று, அதால போயிற்றா. இதில விரதமும் இல்ல, பிழையும் இல்ல.”

அப்பா காலை இறக்கவில்லை.

“நான் அம்மனுக்குப் பயந்து ஒளிக்கல்ல. உங்களுக்குப் பயந்துதான் ஒளிச்சன்.”